சென்னைக்குப் புதியவரா? சினிமாவுக்கும் நாடகத்துக்கும் போவதற்கு முன்

சென்னையில் சினிமா உங்களைத் தேடி வரும். போனைத் திறந்தால் டிக்கெட் தயார். நாடகத்தை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்கள், "இந்த ஊரில் மால் சினிமாதான், நாடகம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவது இதனால்தான். நாடகம் இருக்கிறது, ஆனால் சினிமா டிக்கெட் எடுக்கும் பழக்கத்தோடு தேடினால் கண்ணில் படாது. அதனால் முதலில் சினிமா, பிறகு நாடகம்.

1. வீட்டுக்குப் பக்கத்துத் திரையரங்குகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

நல்ல தியேட்டர் எது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ராயப்பேட்டை சத்யத்தைச் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் சிறுசேரியில் வேலை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய்ச் சேருவதற்குள் இடைவேளை வந்துவிடும். பகுதிவாரியாகப் பாருங்கள்.

அண்ணா சாலை, ராயப்பேட்டை வட்டாரத்தில் சத்யம், எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் எஸ்கேப், தேவி, கேசினோ, உட்லண்ட்ஸ் என்று நடக்கிற தூரத்துக்குள் பல அரங்குகள் உண்டு. ஒன்றில் இடமில்லாவிட்டால் இன்னொன்று. வடபழனியில் விஜயா மாலில் பலாஸோ, கொஞ்ச தூரத்தில் கமலா. கோயம்பேட்டில் ரோகிணி. தெற்கே குரோம்பேட்டையில் வெற்றி. பழைய மகாபலிபுரம் சாலைக்காரர்களுக்கு நாவலூர் ஏஜிஎஸ், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாயாஜால். எழும்பூரில் ஆல்பர்ட்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை பெயர்க் குழப்பம். ஏஜிஎஸ் என்றால் நாவலூர், தி.நகர், வில்லிவாக்கம், மதுரவாயல் என நான்கு இடம். "வேளச்சேரி" என்று தேடினால் பீனிக்ஸ் மாலுக்குள் இருக்கும் லக்ஸும் வரும், கிராண்ட் மாலில் இருக்கும் பிவிஆரும் வரும். இரண்டும் வெவ்வேறு கட்டடம். ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இன்னொன்றின் வாசலில் நிற்பவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் தியேட்டர் பெயரோடு மாலின் பெயரையும் படியுங்கள்.

2. விலை எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரிலோ மும்பையிலோ இருந்து வருபவர்களுக்கு இது இன்ப அதிர்ச்சி. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2017-இல் வந்த அரசாணைப்படி மல்டிபிளெக்ஸில் அடிப்படை விலை அதிகபட்சம் 150 ரூபாய், ஏ.சி. வசதியுள்ள தனித் திரையரங்கில் 100 ரூபாய். இதன்மேல் வரி ஏறும். 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18 சதவீதம். கூடவே உள்ளாட்சியின் கேளிக்கை வரி. எல்லாம் சேர்ந்து மல்டிபிளெக்ஸ் டிக்கெட் 190 ரூபாய் அருகே வந்து நிற்கும்.

உண்மையான செலவு இதன் பிறகுதான் தொடங்குகிறது:

- ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம், சுமார் 30 முதல் 35 ரூபாய். நான்கு பேர் போனால் இதுவே 140 ரூபாய் வரை. இது மொத்த பில்லுக்கு ஒரு தடவை போடுவதல்ல, தலைக்கு இவ்வளவு என்பதைக் கவனியுங்கள்.
- 3டி படம் என்றால் கண்ணாடிக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.
- மாலில் வண்டி நிறுத்தும் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். மூன்று மணி நேரப் படத்துக்கு, மாலுக்குள் நுழைந்து வெளியே வருவதையும் சேர்த்து நான்கு மணி நேரமாகக் கணக்கிடுங்கள்.
- பாப்கார்னுக்கு உச்சவரம்பு கிடையாது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். அப்படித் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

செலவைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, கவுன்ட்டரில் நேரில் எடுப்பது. சேவைக் கட்டணம் மிச்சம். திங்கள் முதல் வியாழன் வரை பகல் காட்சிகளுக்கு இது தாராளமாக நடக்கும். இரண்டு, மல்டிபிளெக்ஸில் திரைக்கு மிக அருகில் உள்ள முதல் வரிசைகள். வரியோடு 60 ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். கழுத்து வலிக்கும், ஆனால் சின்னத் திரை உள்ள அரங்குகளில் சமாளிக்கலாம். பெரிய திரை அரங்கில் அதே வரிசையில் உட்கார்ந்தால் நாயகனின் மூக்கை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

3. டிக்கெட் எடுக்கும்போது ஐந்து விஷயம் பாருங்கள்

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் ஆகிய செயலிகளில் பெரும்பாலான அரங்குகள் கிடைக்கும். ஆனால் எல்லா அரங்கும் எல்லாச் செயலியிலும் இருக்காது. "சென்னை முழுக்க ஹவுஸ்ஃபுல்" என்று தோன்றினால், அந்தச் செயலியில் இருக்கும் அரங்குகள் மட்டும் நிறைந்திருக்கலாம். தியேட்டரின் சொந்தத் தளத்தையும் இன்னொரு செயலியையும் பார்த்துவிட்டு நம்பிக்கை இழங்கள்.

முதலில் மொழி. ஒரே ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலும் தமிழ் டப்பிங்கிலும் ஓடும். தெலுங்குப் படத்துக்கும் அப்படியே. காட்சி நேரத்தைத் தொடுவதற்கு முன் மேலே எந்த மொழி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து 2டியா 3டியா. மூன்றாவது, இருக்கைப் படத்தில் திரை எந்தப் பக்கம் என்ற குறி. 'ஏ' வரிசை சில அரங்குகளில் முன்னால், சில அரங்குகளில் பின்னால். எழுத்தை நம்பிக் கடைசி வரிசை என்று எடுத்து, திரைக்கு அடியில் போய் உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

நான்காவது தேதி. இரவு 12 மணியை ஒட்டிப் பதிவு செய்யும்போது செயலி அடுத்த நாளுக்குத் தாவியிருக்கும்.

ஐந்தாவது தணிக்கைச் சான்றிதழ். 2024 இறுதியிலிருந்து யு, ஏ ஆகியவற்றுக்கு நடுவே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்று பிரிவு. யுஏ எண்கள் பெற்றோருக்கான எச்சரிக்கை. பெற்றோர் முடிவு செய்து கூட்டிப் போகலாம். 'ஏ' அப்படியல்ல. 18 வயது ஆகாதவரை, பெற்றோர் கூட இருந்தாலும், வாசலில் திருப்பி அனுப்புவார்கள், டிக்கெட் பணமும் திரும்ப வராது. கல்லூரி முதலாமாண்டு மாணவர்கள் பிறந்த தேதியுள்ள அடையாள அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அட்டையில் பிறந்த தேதி இல்லாவிட்டால் அது உதவாது. ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வேண்டும்.

பணம் போய் டிக்கெட் வராத சிக்கல் பெரிய படங்களின் முன்பதிவு நாளில் சகஜம். நீங்கள் தொட்ட இருக்கை சில நிமிடங்கள் மட்டுமே உங்கள் பெயரில் பூட்டியிருக்கும். யுபிஐ தாமதமானால் பூட்டு திறந்து இருக்கை வேறொருவருக்குப் போய்விடும், பணம் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் செயலியில் 'உங்கள் ஆர்டர்கள்' பகுதியையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள். டிக்கெட் உறுதியாகாவிட்டால் பணம் சில வேலை நாட்களில் தானாகத் திரும்பும். பரிவர்த்தனை எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

4. பெரிய நடிகர் படமா? காலண்டரைப் பாருங்கள்

பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி. இந்த மூன்றை ஒட்டிய நாட்களில் சாதாரண விதிகள் எதுவும் செல்லாது. மற்ற வாரங்களில் வெள்ளிக்கிழமைப் படத்துக்கு அதே வாரத்தின் நடுவில் முன்பதிவு திறக்கும். பெரிய படத்துக்கு அதற்கும் பல நாள் முன்பே திறந்து, முதல் நாள் காட்சிகள் நிமிடங்களில் தீரும்.

அதிகாலை 4 மணிக் காட்சி பற்றிப் பழைய ஆட்கள் கதை சொல்வார்கள். 2023-க்குப் பிறகு அரசு அதை அனுமதிப்பதில்லை. சிறப்பு அனுமதி கிடைத்தாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அண்டை மாநிலங்களில் அதற்குள் படம் முடிந்திருக்கும் என்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்பினால் காலையில் போனைத் தொடாதீர்கள்.

முதல் நாள் முதல் காட்சியை ரோகிணி, கமலா, வெற்றி போன்ற அரங்குகளில் பார்ப்பது தனி அனுபவம். விசில், காகிதத் துண்டு, கூச்சல். வசனம் பாதி கேட்காது. படத்தைப் பார்க்க வேண்டுமா, கூட்டத்தைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு போங்கள். படம்தான் முக்கியம் என்றால் திங்கட்கிழமை மாலைக் காட்சியைவிடச் சிறந்தது இல்லை.

இரண்டு எச்சரிக்கை. டெலிகிராம் குழுக்களில் "ரெண்டு டிக்கெட் எக்ஸ்ட்ரா இருக்கு" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். க்யூஆர் படத்தை ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு அனுப்ப முடியும்; முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மற்ற மூவர் வெளியே. அடுத்தது, நாயகன் அறிமுகக் காட்சியைப் போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கம். 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி திரையரங்கில் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, 3 லட்சம் ரூபாயிலிருந்து தொடங்கும் அபராதம். எல்லாரும் செய்கிறார்கள் என்பது காவல் நிலையத்தில் பதிலாகாது.

5. வணிகப் படம் அலுத்தவர்களுக்கு

டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாதான் பெரிய வாய்ப்பு. இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. தனித்தனிப் படத்துக்கு டிக்கெட் கிடையாது. விழா முழுவதற்கும் பிரதிநிதி அட்டை எடுக்க வேண்டும். புகைப்படம், அடையாளச் சான்று, சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் நடப்பு ஆண்டின் கல்லூரி அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இருந்தாலும் இருக்கை உறுதியில்லை. வந்தவருக்கு முதலிடம்தான். பேசப்படும் படங்களுக்கு அரை மணி முன்பே வரிசை நிற்கும். ஒரு நாளில் ஐந்து படம் என்று திட்டம் போடாமல், ஒரே அரங்கில் மூன்று படம் என்று வைத்துக்கொண்டால் வரிசையில் தோற்கமாட்டீர்கள்.

நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சுப் படங்கள் சப்டைட்டிலோடு திரையிடுவார்கள். நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

6. இனி நாடகம்: அரங்கை விடுங்கள், குழுவைப் பிடியுங்கள்

சினிமா ஒரு தியேட்டரில் பல நாள் ஓடும். சபாக்களில், அதாவது கச்சேரியும் நாடகமும் நடத்தும் கலை அமைப்புகளின் அரங்குகளில், நாடகம் அப்படி ஓடாது. ஒரு குழு ஒரு நாடகத்தை இன்று மயிலாப்பூரில் போடும், அடுத்த வாரம் தி.நகரில் போடும், பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. ஒரு சபாவில் ஒரு நாடகம் பெரும்பாலும் ஒரே மாலைதான். சினிமாப் பழக்கத்தில் "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் அதே இடத்தில் பார்ப்போம்" என்று நினைத்தால் கோட்டை விடுவீர்கள். அதனால் குழுக்களைப் பின்தொடருங்கள். ஒய்.ஜி. மகேந்திரனின் யுஏஏ, கிரேஸி கிரியேஷன்ஸ், எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா, டி.வி. வரதராஜனின் யுனைடெட் விஷுவல்ஸ், டம்மீஸ் டிராமா, கோமல் தியேட்டர். இவர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் அடுத்த தேதி வரும். நாடகம் முடிந்ததும் குழுவினர் வெளியே நிற்பார்கள், அடுத்து எங்கே என்று நேரிலேயே கேட்கலாம். மகிழ்ந்து சொல்வார்கள்.

நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி, மயிலாப்பூர்ப் பக்கம் இருந்தால் மயிலாப்பூர் டைம்ஸ், சபா வாசலில் வைத்திருக்கும் மாத நிகழ்ச்சிப் பலகை. பழைய வழிகள்தான், ஆனால் இன்றும் செயலியைவிட நம்பகமானவை.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும். ஆண்டில் ஒரு தடவைதான் போக முடியும் என்பவர் அதைப் பிடிக்கலாம். மார்கழியில் சபா மேடைகள் கச்சேரிக்குப் போய்விடும். டிசம்பர் நடுவிலிருந்து நாடகம் தேடினால் சாம்பாரும் சங்கீதமும்தான் கிடைக்கும்.

7. சபாவுக்குப் போகும் முறை

முக்கியமான இடங்கள்: ஆழ்வார்ப்பேட்டையில் நாரத கான சபா, தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால், அதே தி.நகரில் கிருஷ்ண கான சபா, மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், பாரதிய வித்யா பவன்.

நாடகம் பெரும்பாலும் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே தொடங்கி இரண்டு மணி நேரம் நடக்கும். டிக்கெட் நூறு, இருநூறில் தொடங்கும். பெயர் பெற்ற குழு என்றால் ஐந்நூறைத் தாண்டலாம். ஒருவருக்கு 500 ரூபாய் வரையான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பல நாடகங்களின் டிக்கெட் 499 அல்லது 500-இல் நிற்பதை நீங்களே கவனிப்பீர்கள். சில நாடகங்களுக்கு எம்டிஎன்டி, புக்மைஷோ தளங்களில் முன்பதிவு உண்டு. மற்றவற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் மேசை போட்டுக் கொடுப்பார்கள். யுபிஐ இருக்கும், ஆனாலும் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிக விலை கொடுத்தால் முதல் வரிசை என்று நினைக்காதீர்கள். முன் வரிசைகள் நன்கொடையாளருக்கும் உறுப்பினருக்கும் போய்விடும். டிக்கெட்டில் எண் இல்லையென்றால், உங்கள் பிரிவுக்குள் முதலில் வந்தவருக்கே நல்ல இடம்.

ஆண்டுக்கு ஆறேழு நாடகம் பார்ப்பவர் என்றால் உறுப்பினராகச் சேர்வது லாபம். சபா அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கி, புகைப்படமும் முகவரியும் கொடுத்து, ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓர் அட்டைக்கு எத்தனை பேர்? சந்தா ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது? டிசம்பர் கச்சேரிகளும் இதில் அடக்கமா, அதற்குத் தனிக் கட்டணமா? இரண்டாவது கேள்வியை விட்டவர்கள், சந்தா ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது முழுத் தொகை கட்டிவிட்டு விழிப்பார்கள்.

ஒரே வளாகத்தில் இரண்டு அரங்கு இருப்பதையும் நினைவில் வையுங்கள். வாணி மகாலிலும் நாரத கான சபாவிலும் பெரிய அரங்கு தவிரச் சிறிய அரங்கும் உண்டு. கூட்டம் போகிற பக்கமே போனால் யாரோ ஒருவரின் பாராட்டு விழாவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

8. நவீன நாடகமும் ஆங்கில நாடகமும் வேறு உலகம்

இவை சபாக்களில் அரிது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் மியூசியம் தியேட்டர், அலியான்ஸ் பிரான்சேஸ், சேத்துப்பட்டு லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தில் உள்ள முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம் ஆகியவற்றைப் பாருங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நிகழ்வுகளையும் விடாதீர்கள். ஆங்கிலத்துக்கு மெட்ராஸ் பிளேயர்ஸ், தியேட்டர் நிஷா.

சபா நாடகத்தில் கால் மணி தாமதமாக நுழைந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே கதவைச் சாத்திவிட்டால் இடைவேளை வரை திறக்காது. இடைவேளையே இல்லாத நாடகமும் உண்டு. இருக்கைகள் குறைவு என்பதால் வாசலில் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அறிவிப்பில் வயது வரம்பு போட்டிருந்தால் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

காசில்லாமல் கூத்து பார்க்க வேண்டுமென்றால் பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் 'சென்னை சங்கமம்'. பூங்காக்களிலும் மைதானங்களிலும் தெருக்கூத்து உட்படக் கிராமியக் கலைகள் நடக்கும், டிக்கெட் இல்லை. விடிய விடியக் கூத்து பார்க்கும் ஆசை இருந்தால் நகருக்குள் தேடிப் பயனில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களின் கோயில் திருவிழாக்களுக்குப் போக வேண்டும்.

9. திரும்பி வரும் வழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

தேவி, கேசினோவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ. பலாஸோவுக்கு வடபழனி. ஆல்பர்ட், மியூசியம் தியேட்டர் இரண்டுக்கும் எழும்பூர். வெற்றிக்குக் குரோம்பேட்டை மின்சார ரயில். மயிலாப்பூர் சபாக்களுக்குத் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம்.

மெட்ரோ இரவு 11 மணியளவில் நின்றுவிடும். ஏழு மணி நாடகம் முடிந்து நிதானமாகக் காபி குடித்துவிட்டும் ரயிலைப் பிடிக்கலாம். பத்தரை மணி சினிமாக் காட்சிக்கு அது நடக்காது. படம் விடும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. தாம்பரம் தாண்டி வீடு என்றால் அந்தப் பயணச் செலவு இரண்டு டிக்கெட் விலையை எட்டிவிடும். சொந்த வண்டி இல்லாதவர்கள் ஆறரை மணிக் காட்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். செயலியில் வண்டி பிடிப்பதானால் மால் வாசலில் எல்லாரோடும் சேர்ந்து முட்டிமோதாமல், அடுத்த தெருமுனைக்கு நடந்து போய் அங்கிருந்து கூப்பிடுங்கள். ஓட்டுநருக்கும் திருப்பம் மிச்சம்.